கல்யாணப் பைக் கடையில் அடித்த ஆண்டெனா

“கம்ப்யூட்டர்ல வரைஞ்ச வரைக்கும் சரிம்மா. இதை உங்க ஊர்ல எவன் அச்சடிச்சுக் கொடுப்பான்?”

என் முதுநிலைப் படிப்பின் முதல் ரிவ்யூவில், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டது இது. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் திரையில் காட்டிய ஆண்டெனாப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், கணக்கெல்லாம் சரி என்று ஒத்துக்கொண்டார், பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் கேட்டார். “ஆகஸ்ட் கடைசியில அடுத்த ரிவ்யூ. அதுக்குள்ள இதை ஒரு ஆள் கையில கட்டி ஒரு சின்ன லைட்டாவது எரியணும். முடியலைன்னா வேற தலைப்பு எடுத்துக்கோங்க. கம்ப்யூட்டரோட முடியிற மாதிரி ஈஸியா ஒண்ணு நானே தரேன்.”

எனக்கு ஈஸியான தலைப்பு வேண்டாம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொன்னால் சிலர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எனக்கோ அது பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிற பட்டம் மாதிரி. அப்பா குற்றாலத்தில் பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிறார். அம்மா அதே அருவியில் பெண்கள் பக்கத்தைப் பெருக்கிக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி. இருவரும் சேர்ந்து என்னை இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டு, ‘இனி நீயே போ’ என்று விட்டிருக்கிறார்கள். இந்த இடத்துக்கு வந்து சுலபமானதைக் கேட்டு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தத் தலைப்பே அம்மாவிடமிருந்து வந்ததுதான். எனக்கு முதல் உதவித்தொகை வந்தபோது அவளுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். நேரம் காட்டும், நாடி பார்க்கும், உடம்புச் சூடு சொல்லும். அம்மா சீசன் முழுக்கத் தண்ணீரில் நிற்பவள். உச்சிப்பொழுதுக்குள் கை விறைத்துவிடும். ஆனால் துடைப்பம் நழுவி விழும் வரை அவளுக்கே அது தெரியாது. அதனால்தான் வாட்ச். ஒரு வாரம் கட்டியிருந்தாள். பிறகு அது செத்துப்போனது. அம்மா அதைத் திருப்பி, சார்ஜர் ஒட்டும் இடத்தை எனக்குக் காட்டினாள்.

“இதுக்கு வாய் இருக்குலா. அதான் தண்ணி குடிச்சிட்டு.”

“வாய் இல்லாம எப்படிம்மா சார்ஜ் போடுறது?”

“அதுக்குத்தான உன்னைப் படிக்க வச்சிருக்கு.”

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். வாய் இல்லாத கருவி. பேட்டரியும் கிடையாது, சார்ஜ் துளையும் கிடையாது. சட்டைக் கையில் ஒரு துணித் துண்டு. அதில் வெள்ளி கலந்த மையால் அச்சடித்த ஆண்டெனா. சற்றுத் தள்ளி ஒரு சிறு பெட்டி ரேடியோ அலையை அனுப்பும். நம் வீட்டு வைஃபை பேசுகிற அதே அலைவரிசைதான். ஆண்டெனா அந்த அலையைப் பிடிக்கும். அதனுடன் ஒட்டிய ஒரு டையோடு அதைத் துளித்துளியாக மின்சாரமாக்கும். அந்தத் துளிகளில் ஒரு சின்ன உணர்கருவி விழித்துக்கொள்ளும். துணி மடங்கலாம், கசங்கலாம். தண்ணீர் புக வழியே இல்லை.

அதெல்லாம் சரி. எவன் அச்சடித்துக் கொடுப்பான்?

பெரிய நகரங்களில் அதற்கென்றே இயந்திரங்கள் இருக்கின்றன. எங்கள் கல்லூரி எனக்குக் கொடுத்தது ஒரு சிறிய டப்பா வெள்ளி மை மட்டும். இந்த வருடத்துக்கு அவ்வளவுதான், சிந்தாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதைப் பையில் வைத்துக்கொண்டு தென்காசியில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிர்ச் சந்தில் ஒரு கடை வாசலில் தாம்பூலப் பைகள் கொத்தாகத் தொங்கின. மஞ்சள் பையில் சிவப்பு எழுத்து. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம். ஒரு பையில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டப்படிப்பின் புள்ளிகள்கூட மணி மணியாக விழுந்திருந்தன. அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் நான் சந்துக்குள் நுழைந்தேன். என் ஆண்டெனாவில் இருக்கும் மெல்லிய இடைவெளிகூட அவ்வளவு சிறியது இல்லை.

அச்சகத்து அண்ணாச்சி பெஞ்சில் சாய்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி பிறந்திருந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாவிட்டால் பை இல்லை. மேசையும் சட்டங்களும் கழுவித் துடைத்துக் காய்ந்துகொண்டிருந்தன.

“என்ன பிள்ள, ஆவணியில கல்யாணமா?”

“கல்யாணம் இல்ல அண்ணாச்சி. ஆண்டெனா.”

அவர் ஃபோனைக் கீழே வைத்தார். நான் படத்தைக் காட்டினேன். நாலு விரல் அகலத்தில் ஒரு கட்டம், அதற்குள் இரண்டு பிளவு, கீழே ஒரு வால்.

“இது டி.வி.க்கா?”

“அம்மா சட்டைக்கு.”

“சட்டைக்கு ஆண்டெனாவா. யாருகிட்டப் பேசுதாவ உங்கம்மா?”

நான் விளக்கினேன். அவர் பாதியில் கையமர்த்தினார். “எனக்குப் புரியாண்டாம். துணியில மை ஒழுங்கா எறங்கணும், ஓரம் பிசிறக்கூடாது, அவ்வளவுதான? அதை என்கிட்ட விடு. ஆனா ஆடியில புது வேலை தொடங்கணும்னு சொல்லுதியே, அதான் யோசிக்கேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, அதுக்குச் செய்ய வேண்டியதை நான் செஞ்சுக்கிடுதேன்,” என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

துணி கடையநல்லூரிலிருந்து வந்தது. என்னோடு படிக்கும் தோழியின் வீட்டில் தறி இருக்கிறது. இழை நெருக்கமாக நெய்த பருத்தித் துணி வேண்டும் என்றதும், “எங்க வாப்பாகிட்ட சொன்னா தண்ணி நிக்கிற மாதிரி நெய்ஞ்சு தருவாவ,” என்று ஒரு சுருளைக் கொண்டுவந்து போட்டாள். அதையும் மை டப்பாவையும் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு நான் கல்லூரிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது அச்சடித்து முடித்து, பனியனில் படம் ஒட்டும் சூட்டுப் பிரஸ்ஸில் வைத்து மையையும் உலர்த்தி, ஒரு மீந்துபோன தாம்பூலப் பையில் போட்டு வைத்திருந்தார். துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். வெள்ளி பளபளத்தது. ஓரங்கள் பிளேடால் கீறியது போல இருந்தன. பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சாரல் ஜன்னல் வழியாக முகத்தில் அடிக்க அடிக்கச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சிரிப்பு ஒரு நாள்தான் நிலைத்தது.

ஆண்டெனா சரியாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்கை அளவில் ஒரு கருவியைக் கல்லூரி ஆய்வகத்தில் கடனாகக் கொடுத்திருந்தார்கள். அதன் திரையில் ஒரு கோடு நேராகப் போய், ஆண்டெனா எந்த அலைவரிசையைப் பிடிக்கிறதோ அந்த இடத்தில் பள்ளமாக இறங்கும். எனக்கு ஒரு பள்ளம் வேண்டும், வைஃபை இருக்கும் இடத்தில், ஆழமாக. வந்ததோ இரண்டு பள்ளம். ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம், இரண்டும் ஆழமில்லாமல். நடுவில், எனக்கு வேண்டிய இடத்தில், ஒரு மேடு. அடுத்த துண்டை மாட்டினேன். அதிலும் இரண்டு. எல்லாத் துண்டிலும் இரண்டு.

சாரல்மேல் பழி போட்டேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் உப்பு தானாகக் கரையும். துவைத்த துணி காய்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். துணி ஈரம் குடித்துவிட்டது என்று முடிவு செய்து, இஸ்திரி போட்டேன். அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். அம்மா சோறு வடிக்க அரிசி அளக்கப் போய் ஆண்டெனாவை அளந்து எடுத்தாள். பள்ளம் இரண்டும் அப்படியே இருந்தன. கம்ப்யூட்டரில் மறுபடி ஓட்டிப் பார்த்தால் அது ஒரே பள்ளம்தான் என்று சாதித்தது. லென்ஸ் வைத்து ஒவ்வொரு ஓரமாகப் பார்த்தேன். பிசிறில்லை, வெடிப்பில்லை.

ஆடி முடிந்தது. அண்ணாச்சி கடையில் ஆவணிப் பைகள் குவியத் தொடங்கிவிட்டன. மை டப்பாவின் அடியில் வழித்து எடுக்கிற அளவுதான் மிச்சம். ரிவ்யூவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. வேற தலைப்பு எடுத்துக்கோங்க என்ற குரல் குளிக்கும்போதும் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூர்த் தோழி தன் தங்கைமாருடன் அருவிக்கு வந்தாள். குளித்துவிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அவர்களைப் பஜ்ஜிக் கடையில் விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தாள். நான் துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்னட்டி, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்க?”

சொன்னேன். அவள் ஒரு துண்டை எடுத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

“ஏட்டி, மேல இது என்னது? இதும் ஆண்டெனாவா?”

“எது?”

“இந்தா, வால நீட்டிக்கிட்டு இருக்கே, சுருட்டிக்கிட்டு.”

பார்த்தேன். கட்டத்துக்கு மேலே, நட்ட நடுவில், நகக்கண் அளவு இடைவெளி விட்டு, சுத்தமான வெள்ளியில், கோடிழுத்து முடித்த ஒரு பிள்ளையார் சுழி.

நான் அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன். லென்ஸ் வைத்தே பார்த்திருக்கிறேன். ஒன்றாம் வகுப்பு சிலேட்டிலிருந்து பரீட்சைத் தாள் வரை நானே அதைப் போட்டுத்தான் எதையும் தொடங்கியிருக்கிறேன். பையில், பத்திரிகையில், மளிகைச் சீட்டில் அது இருக்கும். அது ஒரு கோடு, அதற்கு நீளம் உண்டு, அது மையால் ஆனது என்று என் கண்ணுக்குத் தோன்றவே இல்லை.

“உன் கம்ப்யூட்டர் படத்துல இது இருக்கா?” என்றாள்.

“இல்ல.”

“எங்க வீட்டுப் பத்திரிகையில இது இருக்காதுலா, அதான் என் கண்ணுல பட்டுது. உனக்கு நெத்திப்பொட்டு மாதிரி. கண்ணாடி பாத்தாத்தான் உண்டு.”

அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ஒரு நூலை எடுத்து, சுழியின் மேல் வளைத்து வளைத்து ஒட்டவைத்து, பிறகு நீட்டிப் பிடித்தேன். அந்த நூலை என் ஆண்டெனாவின் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். அலையைப் பிடிக்க ஒரு உலோகக் கோட்டுக்கு எவ்வளவு நீளம் வேண்டுமோ, அவ்வளவு நீளத்துக்கு அண்ணாச்சி பிள்ளையாரைச் சுருட்டி வைத்திருந்தார். ஒரே சுருதியில் இரண்டு கம்பிகளை ஒட்டி ஒட்டி வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் கெடுக்கும். அதுதான் இரண்டு பள்ளம்.

“வெட்டிரு,” என்றாள் தோழி.

“பிள்ளையார் சுழிய எப்படிட்டி வெட்டுறது?”

“நான் வெட்டுனா நாளைக்கு வேற பேச்சாயிரும். நீயே வெட்டு.”

கத்தரிக்கோலை எடுத்தேன். கை போகவில்லை. எலெக்ட்ரானிக்ஸில் முதுநிலை படிக்கிறவள், ஒரு துணித் துண்டின் முன்னால் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா ஈரக் கையோடு வந்தாள்.

“என்னத்தட்டி ரெண்டு பேரும் முழிக்கிய?”

தோழிதான் சொன்னாள். “பிள்ளையார் ஆண்டெனாவுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்காராம் சாச்சி. தள்ளி வைக்கணுமாம்.”

“அவ்வளவுதான? அவருக்கு வேற எடமா இல்ல.” அம்மா கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கினாள். முற்றத்து வெளிச்சத்துக்குப் போய், துணியைக் கண்ணருகில் பிடித்து, ஆண்டெனாவின் ஓரத்தை ஒரு இழைகூடத் தொடாமல் ஒவ்வொன்றாக வெட்டினாள். வெட்டிய சுழிகளைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். “இங்கன இரும்,” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

முதல் துண்டைக் கருவியில் மாட்டினேன். ஒரு பள்ளம். வேண்டிய இடத்தில், வேண்டிய ஆழத்தில். தோழி திரையைப் பார்த்துவிட்டு, “இதுக்கா இத்தனை நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?” என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். தங்கைமார் பஜ்ஜியை முடித்துவிட்டுக் கீழே நின்று கூப்பிடும் வரை இரண்டு பேரும் ஒவ்வொரு துண்டாக மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். எங்களுக்கு அது அலுக்கவில்லை.

பின்னால் ஒரு கம்பளித் துண்டும், அதற்குப் பின்னால் உலோகம் பூசிய துணியும் வைத்துத் தைத்தேன், உடம்பு அலையைக் குடித்துவிடாமல் இருக்க. டையோடையும் சின்ன விளக்கையும் மின்சாரம் கடத்தும் பசையால் ஒட்டினேன். முதல் சோதனைக்கு அப்பா கையை நீட்டினார். எங்கே ஒட்டினாலும் பிளாஸ்டர் வழுக்கிக்கொண்டு வந்தது. வருடக்கணக்காக எண்ணெயில் ஊறிய கை. சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்தும் ஒட்டவில்லை.

“ஊர்ல எல்லாருக்கும் தேச்சுத் தேச்சு என் கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது பாத்துக்க,” என்றார்.

கடைசியில் என் தலைமுடி ரப்பரை மாட்டி அதை நிறுத்தினோம். பெட்டியை ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். விளக்கு மினுக்கியது. அப்பா கையை விலக்கினார், அணைந்தது. கிட்டே கொண்டுவந்தார், மினுக்கியது. சோறு ஆறிப்போகும் வரை அதையே செய்துகொண்டிருந்தார்.

ரிவ்யூவில் நான் அதை என் கையில் கட்டிக்கொண்டு போனேன். தேர்வாளர் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே பேட்டரி ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். அவர் கையிலும் எரிந்தது.

“எங்க அடிச்சீங்க?”

மீதித் துண்டுகளைக் கொண்டுபோயிருந்த தாம்பூலப் பையை மேசைமேல் எடுத்து வைத்தேன். மாப்பிள்ளை, பெண், மண்டபம் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்து, அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் விலாசத்துக்கு வந்து நின்றார்.

“இங்கேயா?”

“ஆமா சார். எங்க ஊர்லதான்.”

நான் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “சரிம்மா, ஒத்துக்கறேன். இதே தலைப்பு. ஆனா நனைஞ்சா என்ன ஆகும்?”

அந்தக் கேள்விக்காகத்தான் மறுநாளே அண்ணாச்சி கடைக்குப் போனேன். முதலில் சுழி விவகாரத்தைச் சொன்னேன்.

“பின்ன போடாமலா? ஆடி மாசம் தொடங்குன வேலை. சின்னதாப் போட்டாப் போதாதுன்னு பெருசாவே போட்டேன். எப்படி விழுந்திருந்துது பாத்தியா?”

“நல்லா விழுந்திருந்துது. அதான் அண்ணாச்சி என் கரண்ட்டையெல்லாம் தின்னுட்டு.”

“பிள்ளையாருக்குக் கொழுக்கட்டைதான் பிடிக்கும்னு இருந்தேன்.”

“இனிமே ஒண்ணும் போடாண்டாம்.”

அவர் முகம் மாறியது. “அப்படிச் சொல்லாத பிள்ள. கடையநல்லூர்க்காரங்க வந்தா மேல பிறை போடுதேன். புளியறையிலேருந்து சர்ச் கல்யாணம் வந்தா சிலுவை போடுதேன். மேல ஒண்ணும் இல்லாம இந்தக் கடையில இருந்து ஒரு பை வெளிய போனதில்ல.”

நானும் யோசித்தேன். அவர் மேசையில் அன்று அடிக்கிற ஒரு கல்யாணப் பைக்கான மஞ்சள் மை திறந்திருந்தது. அதில் ஒரு சொட்டை என் ஆண்டெனா பக்கத்தில் வைத்துக் கருவியில் பார்த்தேன். பள்ளம் அசையவில்லை. சாதாரண மைக்கு மின்சாரம் தெரியாது.

இப்போது அடித்த துண்டுகள் மழைக்கோட்டுத் துணியில். டப்பா அடியில் இருந்த மையை வழித்து அடித்தோம். வெள்ளியில் ஆண்டெனா, மேலே மஞ்சளில் சுழி. விளக்கு இருந்த இடத்தில் இப்போது உடம்புச் சூடு பார்க்கும் உணர்கருவி. முன்னும் பின்னும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளை வைத்து உருக்கி ஒட்டியாகிவிட்டது. எங்கேயும் வாய் இல்லை. அருவிக்கரை மேற்பார்வையாளரிடம் கேட்டு, பெண்கள் உடை மாற்றும் அறைக்குள், கதவு நிலையில், அம்மாவின் கை உயரத்துக்குப் பெட்டியை மாட்டியிருக்கிறேன். அவள் நுழையும்போதெல்லாம் துண்டு விழித்துக்கொண்டு சூட்டைப் பெட்டிக்குச் சொல்லும். குறைந்தால் பெட்டி கத்தும்.

நேற்று அதை அம்மாவின் வேலைக் கோட்டின் இடது கையில் தைத்துக் கொடுத்தேன். இன்று காலை அவள் கோட்டை மாட்டி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிள்ளையார் நனைவாரே,” என்றாள்.

“நனையட்டும்மா. அதுக்குத்தான் அனுப்புதேன்.”

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.